ஊத்துக்குளி ரோடு

பாலம் வேலை நடந்த இரண்டு வருசமும்
தினம் காலை எட்டேகாலுக்கு நான் ஓடினேன்,
பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே.

குழியில் டயர் இறங்கும்போதெல்லாம்
காறையெலும்புக்குக் கீழிருக்கும் பெட்டி
புள்ள ஓடுறா என்று நினைத்துக்கொள்ளும்.
தொண்ணூறு. நூறு. நூற்றுப்பத்து.
மடியில் சோத்து டப்பா,
தோளில் தூங்கிவழியும் யாரோ ஓவர்லாக் டெய்லர்,
நான் மட்டும் மூச்சுமுட்டாமல்
எதையோ துரத்திக்கொண்டு.

குலுங்கினால் ஓட்டம். அசையாவிட்டால் எழுபது.
அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

முதல் பெட்டியை நாலு வயதில் வயிற்றில் வைத்தார்கள்,
நெஞ்சில் இடம் போதாதென்று.
நாடா உரசக்கூடாது என்று அம்மா
என் பாவாடைகளுக்கெல்லாம் தோள்பட்டி வைத்துத் தைத்தாள்.
ரெண்டாவது படிக்கும்வரை
எல்லாப் பாவாடையும் தோளில்தான் தொங்கும்
என்றிருந்தேன்.

விளையாட்டுப் பீரியடில்
விக்டோரியா டீச்சர் என் கையில் விசிலைக் கொடுத்தார்.
ஆறாவதிலிருந்து பத்தாவது வரை
நான் இல்லாமல் ஒரு கோ-கோவும் நடக்கவில்லை.
நான் ஒரு கோ-கோவும் ஆடவில்லை.

பதினொன்றாவதில், கோயமுத்தூரில்,
புதிதாக வந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:
"ஓடலாமேம்மா, யார் வேண்டான்னது?"
அப்பா அம்மாவைப் பார்த்தார்.
அம்மா ஃபைலைப் பார்த்தாள்.
யாருமே வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை.
யாருமே கேட்டிருக்கவுமில்லை.

ஸ்கேன் ரூமிலிருந்து மருந்துக்கடை வரை
அந்த வராண்டாவில் செருப்பைக் கையில் பிடித்து ஓடினேன்.
வாட்ச்மேன் திட்டினார்.
அவ்வளவு ஆசையாக அதற்குமுன் திட்டுவாங்கியதில்லை.

அப்புறம் கம்பெனி. குழந்தைகள் பனியன், எக்ஸ்போர்ட்.
ஒடிந்த ஊசி உள்ளே கிடக்கிறதா என்று தேட
ஒரு மெசின் உண்டு;
துணி அதற்குள் போய்த்தான் பெட்டிக்குப் போகும்.
என் கார்டைப் பார்த்ததும் மேனேஜர் பொன்னுலிங்கம் பதறினார்:
"ஏனுங் அம்மிணி, உங்களக் கண்டா அது கத்துமுங்களா?"
"நான் உள்ளுக்குள்ள போனாத்தானுங்."
நாலடி தள்ளி மேசை போட்டுக்கொடுத்தார்.
அந்த மேசையில்தான் ஒன்பது வருசமாகத் தையலில் குறை பிடிக்கிறேன்.

சாய லேபில் வேலைபார்த்த சிவநேசன்
ஒரு சனிக்கிழமை டீக்கடை ஓரம் நின்று கேட்டான்.
கை நடுங்கியது. வாய் உலர்ந்துபோனது.
விரலை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன்: எழுபது.
கொஞ்சமும் கூடவில்லை, பாழாய்ப்போனது.
இப்படியா ஒருத்தன் கேட்கும்போது இருப்பது?
"அடுத்த ஞாயிறு சென்னிமலை போலாம்,
படியேறித்தான் போகோணும்" என்றேன்.
பாதி மலையில் பதில் சொன்னேன்,
நூற்றிருபதில்.

இப்போது நாலாவது பெட்டி.
மூன்றாவதைக் கேட்டு வாங்கிவந்து
பீரோவில் வைத்திருக்கிறேன், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.
மகிழ்விழி காதில் வைத்துக் கேட்டாள்.
"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."
"எங்கிட்டயும் சொன்னதில்ல கண்ணு."

சிவநேசனிடம் ஒன்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்:
எரிப்பதற்குமுன் எடுத்துவிடச் சொல்லோணும்,
இல்லாவிட்டால் வெடிக்கும்.
அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.
"அதுக்கு முந்தி எத்தன பெட்டி மாத்தோணுமோ,
நீ கணக்க எழுதி வையி" என்றான்.

பாலத்தைப் போன மாசம் திறந்தார்கள்.
புது ரோடு. பஸ் வழுக்கிக்கொண்டு போகிறது,
கூலிப்பாளையம் வரைக்கும் எழுபது.
எனக்கு என்னவோபோல் இருக்கிறது.
ரெண்டு ஸ்டாப் முன்னாடியே
டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறேன்.

"உங்க கம்பெனி இன்னும் வரலீங்களே" என்கிறார் கண்டக்டர்.

"தெரியுமுங்."